மூன்றடி நரம்பு

முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் ஆர்டித் கிரைடர். பேருந்து நிறைய வாண்டுகளைக் கண்ணாடியில் ஒரே முறைப்பில் உட்கார வைத்தவள், அறுபத்தொரு வயதில் ஒரு சில்லிப் பானையைக் கண்டு பயந்துகொண்டிருந்தாள்.

சஸ்குவஹானா ஆற்றில் பொய்ப்பூச்சி கட்டி மீன் பிடிக்கிற அவளுடைய ஃப்ளை தூண்டில் சங்கம் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை படகுகளை இறக்கும். மூன்று வருஷம் தொடர்ந்து வெறுங்கையோடு திரும்புகிறவருக்கு அதன்பிறகு படகில் இடம் கிடையாது. கரையில் கூடாரத்துக்குள் நின்று மற்றவர்களுக்குச் சில்லி என்கிற காரமான கறிக்குழம்பைக் கிளற வேண்டும். ஆர்டித்துக்கு இரண்டு வருஷம் போய்விட்டது. சங்கத்தில் இருக்கிற ஒரே பெண்ணும் அவள்தான். கரண்டி அவள் கைக்கு வந்தால் அங்கே ஒருவரும் அழப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை தூண்டில் கயிறு வாங்கக் கேலன் ஷாங்க்கின் தூண்டில் கடைக்குப் போனாள்.

“மூழ்குற லைன் காட்டு, கேலன்.”

“மூழ்குறதா? ராய்ஸுக்குத் தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரே!”

“குதிக்கட்டும். முட்டி வலிக்கப்போறது அவனுக்குத்தான்.”

ராய்ஸ் எபர்லி சங்கத் தலைவர். மிதக்கிற லைன்தான் மரியாதை, மற்றதெல்லாம் ஈயக்குண்டு கட்டி இழுக்கிற வேலை என்பது அவர் கட்சி. தண்ணீர் குளிர்ந்ததும் ஸ்மால்மவுத் பாஸ் மீன் மேலே வராது, ஆறடி ஆழத்தில் பாறைக்குப் பின்னால் படுத்துவிடும். இது மீனுக்குத் தெரியும், ஆர்டித்துக்கும் தெரியும். மனுஷனிடம் சொல்லிப் புரியவைக்கத்தான் ஆளில்லை.

கேலன் இருப்பதிலேயே கனமானதை எடுத்துப் போட்டான். “நானூறு கிரெய்ன் எடை. சும்மா கல்லு மாதிரி இறங்கும்.”

“இறங்கி, பாறை இடுக்குல போய் உக்காந்துக்கும். நான் லைன் வாங்க வந்தேனா, நங்கூரம் வாங்க வந்தேனா?”

முழுக்க மூழ்குகிற லைனையும் தள்ளிவைத்தாள். நடு ஆற்று இழுப்பு அதை வில்லாக வளைத்து இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசியில் முன்பக்கம் இருபத்துநாலடி மட்டும் மூழ்கி மீதி மிதக்கிற ஒன்றை எடுத்தாள். எடை இருநூற்றைம்பது, அவள் தூண்டில் கோலுக்கு அதுதான் அளவு. மிதக்கிற பகுதியை இழுப்புக்கு மேலே தூக்கித் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் சீட்டுக் குலுக்கியதில் ராய்ஸ் இருந்த படகிலேயே இடம் விழுந்தது. லைனைப் பார்த்ததும் அவர் துடுப்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

“எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? நாலு வெடிகுண்டு வாங்கிட்டு வந்திருக்கலாமே!”

“வெடிச்சா முதல்ல உன் தொப்பிதான் பறக்கும். பேசாம துடுப்பு போடு.”

லைன் நுனிக்கும் பொய்ப்பூச்சிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நரம்பு ஒன்று கட்டுவார்கள். சங்க விதிப்படி அது ஒன்பதடிக்குக் குறையக்கூடாது. விதியே இல்லாவிட்டாலும் அவர்கள் அவ்வளவுதான் கட்டுவார்கள். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை ஒன்பதடிதான் அளக்கும். ஆர்டித்தின் கையும் அன்று காலை அதைத்தான் அளந்திருந்தது.

இரண்டு மணி நேரம் வீசினாள். பத்து எண்ணி இழுத்தாள், பதினைந்து எண்ணி இழுத்தாள். ஒரு கடி இல்லை. ராய்ஸ் மெதுவாக, அக்கறையோடு கேட்பதுபோல, சில்லியில் பீன்ஸ் போடுவாளா மாட்டாளா என்று விசாரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் படகோரம் ஒரு வெளிர்பாறை மேல் அதைப் பார்த்தாள். லைன் ஒழுங்காக அடிக்குப் போயிருந்தது. பொய்ப்பூச்சி மட்டும், மான்முடியில் கட்டியதல்லவா, அந்த நீள நரம்பின் புண்ணியத்தில் நாலடி மேலே ஜாலியாக மிதந்து வந்தது. லைனைப் பாதாளத்துக்கு அனுப்பிவிட்டுப் பூச்சியை மொட்டைமாடியில் விட்டிருந்தாள். இத்தனை நாள் மூழ்குகிற லைன் உதவாது என்று சங்கம் சத்தியம் செய்ததற்குக் காரணம் இதுதான்.

நரம்பை வெட்ட வேண்டும். வெட்டினால் பிடித்த மீன் செல்லாது, கூடாரம். வெட்டாவிட்டால் மீனே கிடையாது, அப்போதும் கூடாரம். எப்படியும் அடுப்படிதான் என்றால் மீனைப் பிடித்துவிட்டே போவோம் என்று நரம்பைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள். மூன்றடிதான் மிஞ்சியது; அதன் நுனியில் பூச்சியை மறுபடி கட்டினாள்.

“ஏய், ஏய்! விதி என்னன்னு தெரியுமில்ல?”

“உன்னவிட நல்லாத் தெரியும்.”

“லைன் இவ்ளோ கிட்ட வந்தா மீன் பாத்துட்டு ஓடிடும்!”

“பாக்கட்டும். நானும் அதப் பாக்கத்தான் வந்திருக்கேன்.”

வீசினாள். பத்து எண்ணினாள். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். கோல் வளைந்து கைப்பிடி வயிற்றில் இடித்தது. வெண்கல நிறத்தில் எழும்பிக் குதித்தது மீன். இருபது அங்குலத்துக்கு ஒரு விரல் குறைவு. வலையை நீட்டியவர் ராய்ஸ்தான். மீனைத் தண்ணீரில் விட்ட பிறகுதான் அவருக்கு விதி ஞாபகம் வந்தது.

மதியம் கரையில் எல்லாரும் கிண்ணத்தோடு நின்றபோது ராய்ஸ் தொண்டையைச் செருமினார்.

“ஆர்டித், பூஜ்யம். அடுத்த வருஷத்துலேர்ந்து கூடாரம்.”

அவளுக்கு வலித்தது. பேருந்தை ஒப்படைத்த பிறகு அவள் பெயர் சொல்லி ஓர் இடம் இருந்தது அந்தப் படகில்தான்.

“கூடாரத்துக்கு வேற ஆளப் பாரு,” என்றாள். “சங்கம் உங்களோடது, வெச்சுக்கோங்க. ஆறு உங்களோடது இல்ல.”

கோலை எடுத்துக்கொண்டு நேரே தண்ணீரில் இறங்கினாள். பதினாறு ஆண்களின் கண்ணெதிரே, இடுப்பளவு குளிரில் நின்று, பாறை வரிசைக்குப் பின்னால் வீசினாள். பத்து எண்ணி முடிப்பதற்குள் கோல் வளைந்தது. கரையில் சில்லி ஆறிக்கொண்டிருந்தது; யாரும் வாயில் வைக்கவில்லை.

“அது செல்லாது, ஆர்டித்!” என்று கத்தினார் ராய்ஸ்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மீனுகிட்ட வந்து சொல்லு!”