மேற்பார்வையாளர் கையொப்பம்

“மாமா, வலது கையக் காட்டுங்க.”

முத்துலிங்கம் பந்தல் கம்பில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு நுனி பல்லில் இருந்தது. றொசானாவைப் பார்த்தார். பிறகு, அவளுக்குப் பின்னால் வாசற்படியில் வந்து நின்ற அவளுடைய அம்மாவைப் பார்த்தார்.

“எதுக்கு புள்ள?”

“காட்டுங்கன்னா காட்டுங்க.”

“றொசி! உள்ள வா” என்றாள் மேபல். “சுவாமி போன்ல இருக்காரு.”

பங்குச் சுவாமி போனில் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தப் பேச்சு வரவே கூடாது என்று அம்மா நேற்றே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் சவப்பெட்டியோடு வத்தேகமைக்கு வரும் வேனுக்குள், டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள். “மாட்டப் பத்தி ஒரு வார்த்த வரக் கூடாது. முத்துலிங்கம் அண்ணன் முன்னால வரவே கூடாது. அப்பா மேல சத்தியம் பண்ணு.” றொசானா சத்தியமும் பண்ணவில்லை, மறுக்கவும் இல்லை. வளைவுகளில் பெட்டி ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

உள்ளே அப்பா கிடந்தார். அந்தோனி. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு இப்போது தோளில் தொளதொளவென்று இருந்தது. தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரி. செபமாலை சொல்ல வந்தவர்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குக் கோயில் பூசை, அங்கிருந்து சேமக்காலையில் அடக்கம்.

“மாட்டு டொக்டருக்குப் படிக்கிற மகள வீட்டுல வச்சிக்கிட்டும் மனுசனக் காப்பாத்த முடியலியே” என்றாள் இராஜகுமாரி. மேல் வீட்டுக்காரி. இருபது வருடமாக இந்த வீட்டில்தான் பால் வாங்குகிறாள்.

“அவ மாட்டுக்குத்தானே படிக்கிறா, மனுசனுக்கா?” என்று ஒரு கிழவர் சொல்ல, இரண்டு பேர் சிரிப்பை வெற்றிலையோடு சேர்த்து விழுங்கினார்கள்.

மாட்டுக்கும் படிக்கவில்லை, அதற்காக ஏங்குகிறாள் என்பதுதான் உண்மை. உயர்தரப் பரீட்சையில் ஒரு மயிரிழையில் கால்நடை வைத்திய பீடம் தவறி, அதே பேராதனையில் விஞ்ஞான பீடத்துக்குப் போனவள் றொசானா. காலையில் விரிவுரைக்குப் பஸ் ஏறும்போதெல்லாம், தனக்குக் கிடைக்காத அந்தப் பீடத்தின் வாசலைத் தாண்டித்தான் போவாள். மூன்று வருடமாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. பட்டம் முடிந்ததும் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் கேட்டது முந்நூறு மணித்தியாலம் மிருகங்களோடு வேலை செய்த பதிவு. ஒவ்வொரு பதிவின் கீழும் மேற்பார்வையாளரின் கையொப்பம் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் குண்டசாலையில் ஒரு நாய் பூனை கிளினிக்கில் கூட்டித் துடைத்தாள், மிருகங்களைப் பிடித்துக் கொடுத்தாள். அங்கே சேர்ந்த முதல் வாரமே டொக்டர் அவளுக்கு வெறிநாய்க்கடியில் வரும் விசர் நோய்க்குத் தடுப்பூசி போட வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் மூன்று மாடுகள். அவற்றுக்கு மேற்பார்வையாளர் அப்பாதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், கறுப்பு மட்டை சி.ஆர். கொப்பியில் ‘ம. அந்தோனி’ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். எழுதிவிட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார்.

செவலை மாடு கத்தத் தொடங்கியது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொண்டை கட்டிய கத்தல். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கியது. தண்ணீர் வைத்தால் மூக்கை விட்டது, விழுங்கவில்லை. “அரசாங்க மாட்டு டொக்டருக்கு ஒரு கோல் எடுப்போமா?” என்றார் அப்பா. வேண்டாம் என்றவள் றொசானா. முதல் நாள்தான் புத்தகத்தில் அந்தப் பாடத்தைப் படித்திருந்தாள். எச்சில், கழுத்தை நீட்டுவது, விழுங்க முடியாதது, எல்லாம் வரிக்கு வரி பொருந்தியது. “அடைப்புப்பா. பலாக்கொட்டை சிக்கியிருக்கும். கைய விட்டு எடுத்துறலாம்.”

“எம் மக சொல்லிட்டா, அடைப்புத்தான்” என்று அப்பா முத்துலிங்கம் மாமாவைக் கூப்பிட்டார். மாமா எதிர் வீடு. இரண்டு பேரும் பங்குக்குப் புல்லறுப்பவர்கள். கிளினிக்கிலிருந்து கொண்டு வந்த கையுறையை றொசானா போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு ஒரு சோடி நீட்டினாள். “மாட்டத் தொட ஒற வேணுமாம்டா” என்று அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். இரண்டு பேர் கையிலும் புல்லும் கத்தியும் கிழித்த கீறல்கள். மாறி மாறி முழங்கை வரை விட்டுத் தேடினார்கள். பலாக்கொட்டை இல்லை. நான்காம் நாள் மாடு செத்தது. மூன்று பேருமாகக் கொட்டிலுக்குப் பின்னால் புதைத்தார்கள்.

இதெல்லாம் கொப்பியில் இருக்கிறது. பசு, ஆறு வயது. நோய்: தொண்டை அடைப்பு. பரிசோதித்தவர்கள்: நான், அப்பா, முத்துலிங்கம் மாமா. மூன்று மணித்தியாலம். ம. அந்தோனி.

ஐம்பத்திரண்டாம் நாள் அப்பாவுக்கு வலது கையில் ஏதோ ஊர்வதுபோல் விறுவிறுத்தது. அடுத்த நாள் காய்ச்சல். பிறகு கால் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நாய் ஏதும் கடித்ததா என்று. அம்மா இல்லையென்றாள். அது பொய்யில்லை. மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று வைத்தியத்தைத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள், கரண்டியில் கொடுத்த தண்ணீர் அப்பாவின் கடைவாயில் வழிந்தபோதுதான் றொசானாவுக்குச் செவலையின் வாய் தெரிந்தது. வராந்தாவுக்கு ஓடிப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்திலேயே இருந்தது, விசராகவும் இருக்கலாம், அடைப்பென்று நினைத்து வெறும் கையை விடாதீர்கள் என்று. அந்தப் பக்கத்தைத் திங்கட்கிழமை படிக்கலாம் என்று மடித்து வைத்திருந்தாள்.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இப்ப சொன்னா அவரு பொழைப்பாரா?”

“இல்லம்மா.”

“அப்ப வாய மூடு.”

மூடினாள். ஆறு நாள் மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஆறு நாளும் அம்மா அப்பாவின் எச்சிலைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். தலைப்பு நனைந்த பிறகு வெறும் கையால் துடைத்தாள்.

குசினியில் மேபல் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாம்பலும் சவர்க்காரமும் தின்ற விரல்கள். ஒவ்வொரு கணுவிலும் வெடிப்பு, சில வெடிப்புகளில் இரத்தம்.

“ஒனக்கும் ஊசி போடணும்” என்றாள் றொசானா.

“மூணு மணி தாண்டட்டும்.”

“ஆறு நாளா எல்லாத்துக்கும் அப்பறம், அப்பறம். அப்பாவுக்கு அம்பத்திரண்டு நாள்ல வந்துச்சு. அதே நாள், அதே வாய்லதான் மாமாவும் கைய விட்டாரு. இன்னைக்கு அறுபத்திரண்டு. இனி வராதுன்னு யாரு சொன்னா?”

“மெதுவா பேசு.”

“ஏன் மெதுவா? பால் வாங்க மாட்டாங்கன்னா? காய்ச்சிக் குடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நானே வீடு வீடா போய் சொல்றேன்.”

மேபல் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

“பாலாம். பால் போனா போகுது. அந்த மூணு மாட்டையும் நீ படிக்கத்தாண்டி வச்சிருந்தாரு.” முகத்தைத் திருப்பவில்லை. “அப்பனக் கொன்னவன்னு சொல்லுவாங்க. இந்தா, அந்த ராசகுமாரியே சொல்லுவா. நீ செத்த பொறகும் சொல்லுவாங்க. அதுக்குத்தான் நான் வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன்.”

றொசானாவுக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தன்னைக் காப்பாற்ற வெடித்த கையோடு நிற்கிற இந்தப் பெண்ணை உலுக்க வேண்டும்போல் இருந்தது.

“சொல்லட்டும்” என்றாள். “பொய்யா சொல்லப் போறாங்க?”

“றொசி...”

“நாந்தான் டொக்டர் வேணாம்னேன். நாந்தான் அடைப்புன்னேன். ஆஸ்பத்திரியில வாய மூடினதும் நாந்தான்.”

“அந்தக் கொப்பிய அடுப்புல போடு. வேற கொப்பி எழுது. வேற யாருகிட்டயாவது கையெழுத்து வாங்கு.”

அம்மா அதைக் கெஞ்சலாகத்தான் சொன்னாள். றொசானா அறைக்குப் போய், அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து கொப்பியை எடுத்தாள். அம்மா ஒளித்து வைக்கும் இடம் எப்போதும் அதுதான்.

வெளியே முத்துலிங்கம் கடைசிக் கொடியைக் கட்டி முடித்திருந்தார்.

“மாமா. செவலைக்கு அடைப்பு இல்ல. விசர்.”

“மாட்டுக்கா?” அவர் சிரிக்கப் பார்த்தார். “விசர் நாய்க்குத்தானே புள்ள வரும்.”

“மாட்டுக்கும் வரும். எச்சில்ல இருக்கும். நான் தப்பா சொல்லிட்டேன்.”

அவர் பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். மெழுகுதிரி வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

“அப்ப அந்தோனி...”

“ஆமா மாமா.”

பந்தலுக்குள் யாரோ செபமாலையைத் தொடங்கினார்கள். கதிரைகள் இழுபடும் சத்தம். முத்துலிங்கம் கயிற்றுத் துண்டை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

“அப்ப எனக்கும்?”

“ஊசி இருக்கு. இன்னைக்கே போடணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“போட்டா சரியாயிருமா?”

கிளினிக்கில் நாயின் சொந்தக்காரர்கள் இதே கேள்வியை டொக்டரிடம் கேட்பார்கள். அவர் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“போடணும் மாமா.”

“அடக்கம் முடியட்டும் புள்ள. அந்தோனியத் தூக்க நானில்லாம யாரு?” வலது மணிக்கட்டை இடது கையால் தேய்த்தார். “ரெண்டு நாளா இந்தக் கையில மட்டும் என்னமோ...” நிறுத்திக்கொண்டார். “புல்லு பட்டிருக்கும்.”

றொசானா அந்தக் கையைப் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்னால், காட்டச் சொல்லி அதட்டியவள் அவள்தான்.

செருப்பைத் தேடினாள். வாசலில் ஐம்பது சோடி கிடந்தன; அவளுடையது இல்லை. அப்பாவின் ரப்பர் செருப்பு மட்டும் ஓரமாகக் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டாள்.

“இவ எங்க கெளம்புறா, பெட்டிய வச்சிக்கிட்டு?” என்றாள் இராஜகுமாரி.

“சுகாதார ஆபீசுக்கு. பி.எச்.ஐ. ஐயாகிட்ட.” எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். “அப்பா செத்தது விசர்ல. மாட்டுக்கிட்ட இருந்து வந்தது. அப்பாவோட எச்சில் கைல பட்டவங்க யாரும் வீட்டுக்குப் போகாதீங்க. ஐயாவக் கூட்டிட்டு வர்றேன்.”

செபமாலை ‘அருள் நிறைந்த மரியே’யின் பாதியில் நின்றது. பிளேன்டீ தட்டோடு வந்தவள் அப்படியே நின்றாள். இராஜகுமாரி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

மேபல் வாசற்படிக்கு வந்தாள். அழவில்லை. மகளைத் திட்டவும் இல்லை.

“மூணு மணிக்குப் பெட்டிய மூடிருவாங்க” என்றாள்.

“தெரியும்.”

“சுவாமி காத்திருக்க மாட்டாரு.”

“தெரியும்மா.”

படி இறங்கினாள். அப்பாவின் செருப்பு பெரிது. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் அடித்தது. வீட்டுப் பக்கத்துக் குழாயடியில் முத்துலிங்கம் குந்தியிருந்தார். உடுப்புத் துவைக்கும் சவர்க்காரக் கட்டியால் வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நுரை. அலசினார். மறுபடி சவர்க்காரத்தை எடுத்தார்.

அவள் நிற்கவில்லை. கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் வரும் பக்கம் பார்த்து நடந்தாள். நுரைத் தண்ணீர் வாய்க்காலில் கொஞ்ச தூரம் அவளோடு இறங்கி வந்தது.