தும்மலும் பதினொரு விராலும்

ஒரே ஒரு தும்மல். முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கிவிட்டது. எலும்பெல்லாம் உள்ளுக்குள் பஞ்சாகிக் கிடந்ததாம். ஆறு வாரம் பெல்ட் கட்டி, மாத்திரை விழுங்கி, வலியில் உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் ஆபரேஷன் என்று சொன்னதும், சீனப் புத்தாண்டுக்கு இரண்டே நாள் தலைகாட்டும் என் மகன் பூன் ஹூய், சிங்கப்பூரில் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுப் பினாங்குக்கு வந்து நின்றான். தும்மலே, நீ நன்றாக இரு என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர்தான் காரியத்தைக் கெடுத்தார்.

"கத்தியே இல்ல ஆன்ட்டி. ரெண்டு ஊசித் துளைதான். நொறுங்கின எலும்புக்குள்ள பலூனை ஊதி எடம் பண்ணி, சிமெண்ட்டை நிரப்பிடுவோம். சாயங்காலமே வீட்டுக்கு நடந்து போயிடலாம்."

"ஒரு வாரமாவது படுக்க வேணாமா?"

"எதுக்கு?"

எதுக்காம். இவர் பிள்ளை உள்ளூரிலேயே இருக்கிறான் போல. நல்லவேளை, பூன் ஹூய் அப்போது கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

சொன்னபடியே ஆயிற்று. பாழாய்ப்போன வலி போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் முனகிக்கொண்டே படுத்துவிட்டேன்.

எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஆபரேஷன் என்றால், காயம் ஆற ஆளுக்கொரு விரால் மீனை உயிரோடு கொண்டுவருவார்கள். பதினொன்று சேர்ந்தது. பக்கத்து வீட்டு பீ லூவான் தையலைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றாள்.

"ரெண்டு பிளாஸ்திரிதான இருக்கு? இதுக்கா அவ்ளோ பெரிய மீனா பாத்து வாங்கினேன்?"

"எல்லாம் உள்காயம்டி," என்றேன்.

பூன் ஹூய் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் விரால் சூப் வைத்து, ஊதி ஊதி ஊட்டினான். உப்பே இல்லை. எனக்குக் கண் கலங்கியது.

ஐந்தாம் நாள் ஒரு விரால் வாளியிலிருந்து துள்ளி வாசலைத் தாண்டியது. எல்லாவற்றையும் மறந்து ஓடி, குனிந்து, அமுக்கிப் பிடித்தேன். நிமிர்ந்தால் எதிரே மகன். தொலைந்தேன், இன்றைக்கே சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவான்.

அவன் மீனை வாங்கி வாளியில் போட்டான். அவன் போன் அடித்தது.

"சீக்கிரம் போய்ப் படும்மா. மேனேஜர் வீடியோல கூப்பிடுறாரு. இன்னும் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கேன்."

"அப்ப உனக்குத் தெரியுமாடா?"

"டாக்டர் மொத நாளே சொல்லிட்டாரு. பேசாம முனகு. அவருக்கு நல்லாக் கேக்கணும்."

படுத்தேன். சந்தோஷத்தில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, மேனேஜர் ஒரு மாதமே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.