மலை ஜெட்

தெருவே அவரை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடும். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் மூச்சு வாங்க "அண்ணே, காலையில இருந்து..." என்று ஆரம்பிப்பதற்குள், "பிளக்கு போயிடுச்சு" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சரியாக இல்லாத நாட்களில் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் டாங்கில் பெட்ரோலே இல்லை என்று கண்டுபிடிப்பார். வண்டி பேசினால் காது கொடுப்பார். மனுஷன் பேசினால் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது.

அப்பேர்ப்பட்ட மெக்கானிக், வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், மகனுடைய வண்டிக்கு முன்னால் காலையிலிருந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மகன் போய் ஒரு மாதம் ஆகிறது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை நேற்றுதான் விட்டார்கள். நெடுஞ்சாலையில் லாரி ஏதோ எண்ணெய் சிந்தியிருக்கிறது, அதில் வழுக்கிவிட்டான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். வீட்டிலும் அதையேதான் பேசிக்கொண்டார்கள். மனைவி மட்டும் வண்டியைப் பார்த்ததும், "இந்த எமனை எதுக்கு வீட்டுக்குள்ள விட்டீங்க, காயலான் கடையில போட்டுத் தொலைங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவரால் போட முடியவில்லை. மண்பாதை, தார்ச்சாலை இரண்டுக்கும் ஆன வண்டி அது. உயரமான சீட்டு, முள்ளு முள்ளாய் டயர், கைப்பிடியில் இன்னும் மகனுடைய கையுறைக் கறை. எழுந்து கிக்கரை மிதித்தார். இறங்கவில்லை. ஏறி நின்று மொத்த உடம்பையும் போட்டு மிதித்தார். அசையவே இல்லை.

எண்ணெயில் வழுக்கிய வண்டிக்கு எஞ்சின் எதற்கு ஜாம் ஆகிறது? 

மகனுக்கு மலைமேல் இருக்கும் போன் டவர்களைப் பழுது பார்க்கிற வேலை. மேலே காற்று மெலிசு. கீழே குடிக்கிற அளவு பெட்ரோலை அங்கேயும் குடித்தால் வண்டிக்கு மூச்சு முட்டும், கரும்புகை தள்ளும், ஏற்றத்தில் இழுக்காது. அதனால் ஏறும்முன் கார்புரேட்டருக்குள் இருக்கிற ஜெட்டை, அதுதான் அந்தச் சுண்டுவிரல் நகம் அளவுப் பித்தளைத் திருகை, எடுத்துவிட்டு, இன்னும் சின்னத் துளை உள்ளதாக மாட்டவேண்டும். இறங்கியதும் மறுபடி பெரியதை மாட்டவேண்டும். மாட்டாமல் சமவெளியில் முழுசாக முறுக்கினால், பெட்ரோல் போதாமல் எஞ்சின் பழுக்கக் காய்ந்து, பிஸ்டன் கடித்துக்கொண்டு ஜாம் ஆகிவிடும். பின்சக்கரம் ஓடுகிற ஓட்டத்தில் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அப்பனும் மகனும் அவற்றுக்கு மலை ஜெட், தரை ஜெட் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை அவன் கிளம்பும்போதும் தரை ஜெட்டைத் துணியில் சுற்றி அவரே கையில் கொடுப்பார்.

"கீழ வந்ததும் முதல்ல ஜெட்டு. அப்புறம்தான் பொண்டாட்டி."

"ரெண்டும் சூடானா ஆபத்துதான்ப்பா" என்று சிரிப்பான் பயல். ஒரு நாளும் மறந்ததில்லை. மலையடியில், டீக்கடைக்கு எதிரே உட்கார்ந்து மாற்றிக்கொண்டுதான் வருவான்.

மெக்கானிக் பெட்ரோல் குழாயை மூடினார். கார்புரேட்டரைக் கொஞ்சம் சாய்த்து, அடிக் கிண்ணத்தின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். முதல் திருகு நல்ல இறுக்கம். இரண்டாவதும், மூன்றாவதும் அப்படித்தான். நான்காவதில் திருப்புளியை வைத்ததுமே அது தானாகச் சுழன்றது. விரலாலேயே கழற்றிவிட்டார். அதைச் சுற்றி பெட்ரோல் கசிந்து, புழுதி ஒட்டிக் களிம்பாகியிருந்தது.

 மகனுடைய கை அவர் பழக்கிய கை. திருகைத் தளர்வாக விட்டுவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையவே கிடையாது.

கிண்ணத்தை இறக்கினார். உள்ளே மலை ஜெட். சீட்டுக்கு அடியில் இருந்த கருவிப் பையை உதறினார். துணிச் சுருள் விழுந்தது. தரை ஜெட் துணிக்குள் பத்திரமாக, பாவி, அவ்வளவு பத்திரமாக இருந்தது.

உட்கார்ந்திருக்கிறான். கழற்ற ஆரம்பித்திருக்கிறான். ஒரு திருகோடு யாரோ அவனை எழுப்பியிருக்கிறார்கள். யாரென்று ஜோசியமா பார்க்கவேண்டும்? அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருமகள் அவனுக்குப் போன் போட்டது வீடு முழுக்கத் தெரியும். மனைவி இந்த ஒரு மாதமாக அதைச் சொல்லியே அந்தப் பெண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறாள். "ஒரு காய்ச்சலுக்குப் போன் போட்டு என் புள்ளையை முழுங்கிட்டாளே" என்று பக்கத்து வீட்டுச் சுவர் கேட்கச் சொல்கிறாள். காய்ச்சல் அன்று மாலையே இறங்கிவிட்டது. குழந்தை எழுந்து உட்கார்ந்து அப்பா எங்கே என்று கேட்டது. 

மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவளுடைய அண்ணன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. மாமியார் திட்டுவதை வாங்கிக்கொள்வதற்காகவே இருக்கிறவள் போல அடுப்படியிலேயே கிடந்தாள். இந்த ஜெட் சமாசாரமும் அவள் காதில் விழுந்தால் அந்தப் பெண் உயிரோடு இருக்குமா? மகனைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இவளையாவது காப்பாற்ற வேண்டாமா?

தரை ஜெட்டை மாட்டி மூடிவிடலாம், எவன் பிரித்தாலும் எல்லாம் சரியாக இருந்தது என்றுதான் நினைப்பான் என்று தோன்றியது. மலை ஜெட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தரை ஜெட்டைத் துளைக்கு நேராகப் பிடித்தார். முப்பது வருஷமாக மாட்டியது, அன்றைக்கு மரை பிடிக்கவில்லை. 

"மாமா."

மருமகள் வாசலில் நின்றிருந்தாள். கழற்றிப் போட்ட கிண்ணத்தையும் திருகுகளையும் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"மாமா, உங்களை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா..."

"நீ ஒண்ணும் கேக்க வேணாம்மா" என்று பாய்ந்து, பையிலிருந்த மலை ஜெட்டை எடுத்துக் காட்டினார். "நானே சொல்லிடுறேன். தப்பு என்னோடது. இதோ பாரு, மலை ஜெட்டோடயே வந்திருக்கான். தரை ஜெட்டை அவன்கிட்ட கொடுத்தனுப்ப மறந்துட்டேன். இங்கயே மேசையில கிடந்திருக்கு. அதனாலதான் எஞ்சின் ஜாமாகி சக்கரம் பூட்டிக்கிச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நீ போன் பண்ணதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. உங்க அத்தை கண்டதையும் பேசுவா, நீ மனசுல வச்சுக்காத."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சொன்னதும் நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எண்ணெய் இல்லையா, மாமா?"

"எந்த எண்ணெய்?"

"ரோட்டுல சிந்தியிருந்துச்சு, அதுலதான் வழுக்கிட்டாருன்னு சொன்னாங்களே."

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் மெல்ல உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க கொடுத்தீங்க, மாமா. மறக்கல. கையிலதான் வச்சிருக்கேன்னாரு. மலையடியில உக்காந்து கழட்டிட்டிருந்தப்பதான் நான் போன் பண்ணேன். கால் மணி நேரம் குடு, ஜெட்டை மாத்திட்டுப் பறந்து வந்துடுறேன்னாரு. குழந்தை உடம்பு கொதிக்குது, உங்களுக்கு ஜெட்டு கேக்குதான்னு கத்தினேன். அப்படியே கத்தினேன் மாமா. சரி, சரி, கத்தாத, வரேன்னுட்டு வச்சுட்டாரு."

மெக்கானிக் தரை ஜெட்டைக் கீழே வைத்தார். 

"அதுவா இருக்குமோ, எண்ணெயா இருக்குமோன்னு தினம் தினம் செத்துட்டிருக்கேன். வண்டி வந்ததும் நீங்க பாத்தா தெரிஞ்சிடும்னு இருந்தேன். எண்ணெய்தான்னு உங்க வாயால ஒரு வார்த்தை வந்தா போதும், எப்படியாவது குழந்தையை வளர்த்துடலாம்னு... அதைத்தான் கேக்க வந்தேன்."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லைக் கொட்டிவிட்டு அந்த மனுஷன் எதை வைத்து அள்ளுவார்? பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளப் போய், அவள் தலையில் அல்லவா அதை ஆணி அடித்து இறக்கிவிட்டார்.

"இல்லம்மா" என்றார்.  "நான் சும்மா... ஒரு யூகத்துல சொன்னேன். எண்ணெயாத்தான் இருக்கும். டயரைப் பாரேன், பிசுபிசுன்னு இருக்கு. எண்ணெயேதான். நான் சத்தியம் பண்றேன்ம்மா, எண்ணெய்தான்."

டயர் காய்ந்து புழுதியாக இருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"முதல்லயே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன், மாமா."