எழுத்தை அணைத்தது யார்

திரையின் அடியில் எழுத்து இல்லை. இன்றும் இல்லை.

சுருக்கெழுத்தர் தட்டை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தொடரில் போலீஸ்காரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். எதிரே இருந்த கிழவன் தலையை ஆட்டினான். என்ன கேட்டாள், எதற்கு ஆட்டினான், ஒரு மண்ணும் தெரியவில்லை. நேற்று டிவியை நிறுத்தும்போது எழுத்து இருந்தது. ஒரு முறை போட்டுவிட்டால் தொடர் ஓடும் செயலி அதை நினைவில் வைத்துக்கொள்ளும், தானாக அணைக்காது. அணைக்க வேண்டுமென்றால் படத்தை நிறுத்தி, கீழே போய், ஆடியோ சப்டைட்டில் என்ற இடத்தைத் திறந்து, 'ஆஃப்' என்பதைத் தேடி அழுத்த வேண்டும். கை தவறி நடக்கிற காரியமில்லை. வேண்டுமென்றே யாரோ செய்கிறார்கள்.

அவர் தொழில் அப்படி. தலை கறுத்திருந்த காலத்திலிருந்து நீதிமன்றத்தில் ஊரார் பேசுவதை எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர். நீதிபதி சொல்லச் சொல்ல அவர் பென்சில் ஓடும். மாலைக்குள் அது தட்டச்சாகி மேசைக்கு வந்துவிடும். அவர் காதைப் பற்றி அங்கே கதைகளே உண்டு. அந்த மனுஷன் முன்னால் கொட்டாவி விட்டாலும் பதிவாகிவிடும் என்று வக்கீல்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் புகழ்பெற்ற காதுகளில் இடது காது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. வலதும் அண்ணன் போன வழியே கிளம்பிக்கொண்டிருந்தது.

இது யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. தெரிந்தால், பழைய வழக்குக் கட்டுகள் தூசி படிந்து கிடக்கும் கட்டு அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர்கள் தும்மிக்கொண்டே ஓய்வு பெறுவார்கள். நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

அந்த வகையில் திரையடி எழுத்து அவருக்குத் தெய்வம் கொடுத்த வரம். நம்ம பாஷைப் படத்துக்கு நம்ம பாஷையிலேயே எழுத்து எதற்கு என்று மச்சான்தான் முதலில் கேட்டான்.

"தொழில் பழக்கம் மாப்ள. எவன் பேசினாலும் எழுத்துல பாத்தாதான் எனக்குத் திருப்தி."

மச்சான் சிரித்தான். அந்தச் சிரிப்பு அன்றே அவருக்குப் பிடிக்கவில்லை. மனைவியின் தம்பி என்றாலும் அவனும் அதே நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர்தான். வயதில் சின்னவன், வேலையிலும் அடுத்த படியில் நிற்பவன். இவர் எழுந்தால் அந்த நாற்காலி அவனுக்கு. நாள் தவறாமல் மாலையில் வந்து, அக்கா கையால் டீ குடித்து, இவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பான்.

போன வாரம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். தொடரில் ஏதோ வீடு, ஏதோ அறை. திரையில் 'கதவு தட்டும் சத்தம்' என்று எழுத்து வந்தது. இவர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். வெளியே ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பிப் பார்த்தால் மச்சானும் மனைவியும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்து வரட்டும்னு தொறந்தேன்" என்றார். மச்சான் டீ தம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். மறுநாளிலிருந்து எழுத்து காணாமல் போனது.

வேறு சாட்சி வேண்டுமா? அன்றைக்குப் பிறகு மச்சான் தொண்டை கிழியக் கத்திப் பேசுகிறான். வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு இவருக்கு வலப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறான். ஒரு மாலை அலுவலகத்தில் மறந்து வைத்த குடையை எடுக்க இவர் திரும்பிப் போனபோது, இவர் தட்டச்சு செய்து வைத்த தாள்களைக் கையில் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். பூனை பால் குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும். இவன் அதையும் மூடவில்லை. "சும்மா பாத்தேன் மாமா" என்றான்.

சும்மாவா? தப்புகளைப் பொறுக்கிச் சேர்க்கிறான். வீட்டில் எழுத்தை அணைத்துவிட்டு இவர் தடுமாறுகிறாரா என்று ஆழம் பார்க்கிறான். ஒருநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி நீதிபதி முன் வைப்பான். சொந்த மச்சானே குழி தோண்டுகிறான் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் நியாயம் பார்க்கிற இடத்தில் உப்புத் தின்றவர் இல்லையா? குற்றவாளிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒருவேளை செயலியிலேயே கோளாறோ என்று அதன் உதவிப் பக்கத்தில் புகார் எழுதினார். 'மேற்படி எழுத்துகள் எனது அனுமதியின்றித் தொடர்ந்து அணைக்கப்பட்டு வருகின்றன' என்று மனு மாதிரியே போனது. 'தங்கள் வீட்டில் யாராவது அணைத்திருக்கலாம். வேறு உதவி வேண்டுமா?' என்று பதில் வந்தது. வீட்டில் யார் என்பதற்குத்தானப்பா உதவி வேண்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்து ரிமோட்டைத் தன் கைப்பையில் போட்டு அலுவலகத்துக்கே எடுத்துப் போனார். நீதிமன்ற வாசலில் பையைச் சோதித்த காவலர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஐயா, உள்ள யாரையாவது மாத்தணுமா?" என்றார். ரிமோட் திரும்பி வந்து வீட்டு மேசையில் உட்கார்ந்தது. இவர் முகம் கழுவப் போய் வருவதற்குள் எழுத்து அணைந்திருந்தது. மச்சான் அப்போது சோபாவில் சாய்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

பிறகுதான் இடி விழுந்தது. மச்சான் வெளியூர் விசாரணைக்கு நீதிபதியுடன் போய்விட்டான். அவன் இல்லாத அன்றைக்கும் எழுத்து இல்லை.

வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஆள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி பொருத்திவிட்டு வந்து, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவும் தம்பியும் கூட்டா? தம்பிக்கு நாற்காலி வாங்கிக் கொடுக்க இவள் உள்ளாளா? இத்தனை வருடம் கூட இருந்தவளைப் பற்றி இப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

மறுநாள் மாலை, குளிக்கப் போகிறேன் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். குளியலறைக் குழாயைத் திறந்து வாளியில் விட்டுவிட்டு, அறைக் கதவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ரிமோட்டை எடுத்தாள். படத்தை நிறுத்தினாள், கீழே போனாள், தேடினாள், அழுத்தினாள். எழுத்து போனது.

"நீயா?"

அவள் திடுக்கிடவில்லை. முகம் அவர் பார்வைக்கு நேராக வரும்படி நன்றாகத் திரும்பி நின்றாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நான்தான்."

"உன் தம்பி சொன்னானா? என்னைச் சோதிச்சுப் பாக்கச் சொன்னானா?"

"சோதிக்க என்னங்க இருக்கு? உங்களுக்குக் காது கேக்கலன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தார். அவள் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"முன்னாடியெல்லாம் படத்துல புரியலன்னா என் பக்கம் திரும்பி, என்ன சொன்னான்னு கேப்பீங்க. நான் சொல்றப்ப என் வாயையே பாப்பீங்க. கல்யாணமான புதுசுல கூட என்னை அப்படிப் பாத்ததில்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒருத்தர் எங்க பாக்கறாங்க, எதுக்குப் பாக்கறாங்கன்னு கவனிக்கறதுதானே என் பொழப்பு."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார்.

"இந்த எழுத்து வந்தப்புறம் என் பக்கம் திரும்பறதே இல்ல. சரி, அவருக்குச் சௌகரியமா இருக்குன்னு விட்டேன். அன்னிக்குக் கதவு தட்டுதுன்னு எந்திரிச்சுப் போனீங்க பாருங்க. நம்ம வாசல்ல யாரு வந்து நின்னாலும் நான்தானே உங்களுக்குச் சொல்லணும்? ஒரு பொட்டி சொல்லி எந்திரிக்கறீங்க. எனக்குப் பொறுக்கல. அதான் அணைச்சேன்."

அவள் குரல் உடைந்ததா என்பது அவருக்குக் கேட்கவில்லை. மோவாய் நடுங்கியது தெரிந்தது.

"உன் தம்பிக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். காது டாக்டர்கிட்ட பேசி வச்சு ஒரு மாசமாச்சு. மாமா தானா சொல்லட்டும்க்கா, நாமா கேட்டா உடைஞ்சு போயிருவாருன்னான். நீங்க அடிச்சு வைக்கிற பேப்பரை, கோர்ட்டு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு அவன்தான் ஒருதடவை சரிபாத்து அனுப்பறான்."

குடையை எடுக்கப் போன மாலை அவர் கண் முன்னால் வந்தது. அந்தத் தாள்களில் ஒருவனின் விடுதலை இருந்தது, இன்னொருவனின் தண்டனை இருந்தது. தன் நாற்காலியைப் பற்றியே கவலைப்பட்டவர், அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படவில்லை.

"தப்பு இருந்துச்சா?"

"அவன் சொல்லல. நானும் கேக்கல."

இருந்திருக்கிறது. யாரைக் கூண்டில் ஏற்ற அலைந்தாரோ, அவன்தான் இவரைக் கூண்டில் ஏறாமல் காப்பாற்றியிருக்கிறான்.

"நாளைக்கு நீதிபதி ஐயாகிட்ட நானே சொல்லிடறேன். கட்டு அறைக்குப் போடறதுன்னா போடட்டும்."

"முதல்ல டாக்டர்கிட்ட போவோம். கண்ணாடி போட்டுக்கறப்ப வெக்கப்படல, காதுக்கு மட்டும் என்ன தனி மானம்?"

குளியலறையில் வாளி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள்தான் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். வந்து, ரிமோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். எழுத்தைப் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் கொடுத்தாள். அவர் படத்தை மட்டும் ஓடவிட்டு ரிமோட்டை மேசையில் வைத்தார்.

போலீஸ்காரி கிழவனிடம் நீளமாக ஏதோ பேசினாள். கிழவன் அழுதான். சுருக்கெழுத்தர் திரையை விட்டுத் திரும்பி மனைவியின் வாயைப் பார்த்தார்.

"என்ன சொன்னா?"

"தெரியலங்க" என்றாள் அவள். "நான் உங்களைப் பாத்துட்டிருந்தேன்."