பெல்லம்பள்ளி, காஜிப்பேட்டை, ஆக்ரா

"இந்தத் தபா ஆக்ராவுக்குப் போலாமாயா?" என்று கங்கம்மாள் கேட்டதும், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த துலுக்காணத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

கும்மிடிப்பூண்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் வேறு எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் இது சாதாரணப் பேச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை குடும்ப பாஸ் கிடைக்கும். டிக்கெட் வாங்காமல் வடநாட்டைச் சுற்றிவர ரயில்வேக்காரனை விட்டால் யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? பக்கத்து வீட்டு போர்ட்டர் மோசஸ் தன் சம்சாரம் குணசுந்தரியோடு டில்லி வரைக்கும் போய்வந்து, அந்தப் பெருமையை ஆறு மாசம் பேசித் தீர்த்தான். வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஒரு குட்டித் தாஜ்மகால் இருந்தது, உள்ளே பல்பு எரியும். பாயிண்ட்ஸ்மேன் துலுக்காணம் வீட்டு அலமாரியில் மட்டும் பெல்லம்பள்ளியில் வாங்கிய மரச்சீப்பும் காஜிப்பேட்டையில் வாங்கிய மண்குவளையும் கிடந்தன. மற்றவர்கள் ரயிலில் தூங்கிக்கொண்டே தாண்டிப்போகிற ஊர்களில்தான் அவர் பெண்டாட்டியோடு இறங்குவார். நாலு நாள் தெருத்தெருவாக நடப்பார், ஒரு கோயிலைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார். புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் அவர்களைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன பிறகு சிரிக்கமாட்டார்கள்.

சீனாச் சண்டை முடிந்த மறுவருஷம் நடந்த விஷயம் அது. ஒரே மகன் தேசப்பனைத் தண்டவாளம் பராமரிக்கிற கேங்க் கூலியாகச் சேர்த்துவிட துலுக்காணம் யார் யார் காலையோ பிடித்து ஏற்பாடு செய்திருந்தார். "நான் போமாட்டன்" என்று பையன் பிளாட்பாரத்திலேயே சொல்லிவிட்டான். நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டானே என்ற ரோஷத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அவன் அழவில்லை, கன்னத்தைத் தடவிக்கொண்டே தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நடந்தான். மத்தியானம், நிலக்கரி ஏற்றப் போகிற காலி கூட்ஸ் வண்டி ஒன்று லூப் லைனில் காத்துக்கிடந்தது. துலுக்காணம் பாயிண்ட் போட்டுத் தண்டவாளத்தைத் திருப்பிவிட்டு, பச்சைக்கொடி காட்டி அனுப்பிவைத்தார். சாயங்காலம் கேட்கீப்பர் வந்து, "உம் புள்ள கூட்ஸ்ல குந்திக்கினு போனானே, எங்க அனுப்பிக்கிற?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கொடி காட்டி வழியனுப்பியிருக்கிறார். அன்றைக்கு நெஞ்சில் ஏறிய பாரம் இன்னும் இறங்கவில்லை.

வேறு தகப்பனாக இருந்தால் எங்கெங்கோ தேடியிருப்பான். துலுக்காணத்துக்குத் தெரிந்ததெல்லாம் ரயில்வே கணக்கு. காலி கூட்ஸ் வாகன் எங்கே போகும்? கரி ஏற்றுகிற ஊருக்கு. வண்டியை எங்கே அறுத்து வேறு வண்டியில் கோப்பார்கள்? பெரிய யார்டு இருக்கிற ஊரில். வருஷத்துக்கு ஓர் ஊராக அங்கெல்லாம் இறங்கினார். மனுஷன் நினைத்த இடத்தில் குதித்து நினைத்த பக்கம் நடந்துவிடுவான் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. பிள்ளையையும் ஒரு வாகனைத் தேடுவதுபோலத்தான் தேடினார்.

கையில் காட்ட ஒரு போட்டோ கிடையாது. பாஷையும் தெரியாது. கங்கம்மாள்தான் டீக்கடை டீக்கடையாக நிற்பாள். பையனின் உயரத்தைக் கையால் காட்டுவாள், புருவத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துத் தழும்பைச் சொல்வாள். கடைக்காரன் உதட்டைப் பிதுக்குவான். வருஷா வருஷம் அந்தக் கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டே வந்தாள். பிறகு மேலுதட்டில் மீசையும் வரைய ஆரம்பித்தாள்.

அவளா இப்போது ஆக்ரா என்கிறாள்?

வருகிற தை மாசம் துலுக்காணம் ரிட்டையர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பாஸில் போவது இதுதான் கடைசி. இட்டார்சி யார்டு பாக்கி இருக்கிறது என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தார். பெற்றவளே விட்டுவிட்டாள், இனி என்ன இட்டார்சி என்று தோன்றியது. கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

"செரி, போலாம்" என்றார்.

மெட்ராஸில் ஏறினார்கள். வண்டி கும்மிடிப்பூண்டியில் நிற்காமல் ஓடியது. அவர் வழக்கமாகக் கொடி பிடிக்கிற இடத்தில் வேறொருவன் பச்சைக்கொடியோடு நின்றிருந்தான். துலுக்காணம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர்கள் தேடி நடந்த ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. காஜிப்பேட்டை வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்ப்பாளே, அதற்காகவே அவளுக்கு ஜன்னலோரம் விட்டிருந்தார். அவள் புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். பெல்லம்பள்ளியிலும் எழுந்திருக்கவில்லை.

ஆக்ராவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சிவப்புக்கல் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் எதிரே வெள்ளைவெளேரென்று நின்றது தாஜ்மகால். இத்தனை பெரிதாக இருக்குமென்று துலுக்காணம் நினைக்கவில்லை. குவார்ட்டர்ஸ் ஜன்னல்களில் பார்த்துப் பார்த்து, அது கையகலம்தான் என்று மனசில் பதிந்துபோயிருந்தது. ஒரு போட்டோக்காரன் கையைப் பிடித்து இழுத்தான். போகட்டும், கடைசியாக ஒரு படமாவது இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கச் சொல்ல கங்கம்மாளைத் தேடினார்.

அவள் தாஜ்மகாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"இன்னாமே, அந்தாண்ட பாரு. அத்தப் பாக்கத்தான வந்த?"

"அது எங்க பூடப்போவுது." அவள் கண்ணை எடுக்கவில்லை. "குணசுந்தரி சொல்லிச்சு. இந்த நாட்ல பொறந்தவன் ஒவ்வொர்த்தனும் ஒரு தபாவாச்சும் இங்க வந்துட்டுப் போவானாம். அப்போ அவனும் வருவான் இல்ல? நாம போன ஊருக்கெல்லாம் யாருயா வரப்போறாங்கோ?"

விட்டுவிட்டாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தோமே என்று துலுக்காணத்துக்கு அழுகை வந்தது. இவ்வளவு பெரிய நாட்டில், இந்த ஒரு நாளில் வருவானா என்றும் தோன்றியது.

"ஒரே கும்பலா வராங்கோ, எனுக்கு ஒண்ட்டியா பாக்க முடியல" என்றாள் கங்கம்மாள். "நான் இந்தப் பக்கம் பாக்கறன். நீ அந்த ஓரமா வர்றவங்கள பாரு. தழும்பு இடது புருவத்துல, மறந்துடாத."

அவரும் திரும்பி அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். பின்னால் போட்டோக்காரன் கைதட்டி, இந்தியில் என்னவோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வாசலில் அடுத்த கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.