மாடு தின்ற கிழங்கு

"பேரெல்லாம் தெரியாதுங்க சாமி. காட்டுல பூக்கிறதுக்கெல்லாம் பேரு வெச்சுக்கிட்டா உக்காந்திருக்காங்க?"

"தேனுக்குப் பேர் தெரியறது, கடுக்காய்க்குத் தெரியறது. இதுக்கு மட்டும் தெரியலையா?"

ஜகதீசன் துண்டுக்குள்ளிருந்து கொடியை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்தான். வாடியிருந்தாலும் பூவின் உருவம் கெடவில்லை. இதழ்கள் பின்பக்கமாக மடங்கி மேலே எழும்பியிருந்தன. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளிவு. இலைகளின் நுனி நீண்டு சுருண்டு, கிடைத்ததைப் பற்றிக்கொள்ளத் தேடுவதுபோல் இருந்தது. ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் அவன் பள்ளிக்கூடத்தில் காந்தளைப் பற்றிப் படித்திருக்கிறான். பெண்களின் விரலுக்கு உவமையாக வரும். இதுதான் அது என்று யாரும் காட்டியதில்லை. அதற்கு ஒரு கிழங்கு உண்டென்றும் யாரும் சொன்னதில்லை.

சாமியாத்தாள் பூவைப் பார்க்கவில்லை, அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள். காட்டோர ஊரான மார்டள்ளியிலிருந்து வண்டியேறி வந்து, மைசூர் மார்க்கெட்டின் தெற்கு வாசலில் தேனும் வேர்களும் பரப்பி விற்கிறவள் அவள்.

"எதுக்கு உதவும்னாவது சொல்லேன்."

"எங்கூரு ஜடையன் இப்பிடித்தானுங்க, கண்ணாடி போட்ட ஒருத்தருக்கு வேரு வேரா எடுத்துச் சொன்னான். இது பாம்புக்கடிக்கு, இது பொம்பளைகளுக்குன்னு. மறுநாள் போலீசு கச்சேரியில உக்கார வெச்சுட்டாங்க. இன்னும் வூடு வந்து சேரல."

"நான் போலீஸ் இல்லை."

"அவரும் அப்பிடித்தான் சொன்னாராமுங்க."

ஜகதீசனுக்கு உள்ளதைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் தங்கை விசாலாக்ஷி காலையிலிருந்து வாந்தியெடுத்துக்கொண்டு கிடக்கிறாள். பாயின் தலைமாட்டில் இந்தக் கொடியும் பாதிக் கிழங்கும் இருந்தன. கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவள் புருஷன் ரங்கூனுக்குப் போய் இரண்டு தீபாவளி ஆகிறது. அதனால்தான் ஜகதீசன் டாக்டரைக் கூப்பிடவில்லை. அஜீரணம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, இதை விற்றவளைத் தேடிக்கொண்டு வந்திருந்தான்.

"எங்க மாடு தின்னுடுத்து," என்றான்.

"மாடுங்களா. பூவைங்களா, தழையைங்களா?"

"கிழங்கை."

"கெட்டிக்கார மாடு. தோண்டித் தின்னுருக்குது."

பக்கத்தில் முறம் விற்றுக்கொண்டிருந்தவள் சிரித்தாள். ஜகதீசன் சட்டைப்பையிலிருந்து கிழங்கை எடுத்துத் தரையில் வைத்தான். கலப்பைபோல இரண்டு கையாக வளைந்த கிழங்கு. ஒரு கை மண்ணோடு அப்படியே இருந்தது. இன்னொரு கையைக் காணோம்.

சாமியாத்தாள் கூடையின் மேல் சாக்கை இழுத்து மூடினாள். சாக்குக்கு அடியில் தெரிந்தது இதே வளைவுதானா, வெறும் இஞ்சியா என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"வாந்தி இருக்குதுங்களா?"

"இருக்கு. தொண்டையெல்லாம் எரியறதுன்னு சொன்..."

"சொல்லுச்சுங்களா, மாடு."

இந்தத் தடவை முறக்காரி சிரிக்கவில்லை. சாமியாத்தாள் கிழங்கைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். அவள் குரல் இறங்கியது.

"அரைச்சு உள்ளங்கால்ல பூசறதுங்க இது. நாளாகியும் புள்ள எறங்காம வலியில கெடக்கிறவளுக்கு. பொறந்த உடனே கழுவியுடோணும். வாயில வெக்கக் கூடாதுன்னு அத்தனை தடவை சொல்லி..."

"யார்கிட்டச் சொன்னே?"

அவள் தேன் சட்டியின் மூடியைச் சரிசெய்தாள்.

"ஒல்லியா, நெத்தியில தழும்போட ஒருத்தி வந்தாளா?"

"அக்காளுக்கு நாள் தள்ளிப் போச்சுன்னு ஒரு புள்ள அழுதுக்கிட்டு வந்துதுங்க. தெரியாத ஆளுக்குக் குடுக்கிறதில்ல. அழுதுது, குடுத்தேன்."

விசாலாக்ஷிக்கு அக்கா கிடையாது. அவனுக்கு அவள் ஒருத்திதான்.

"முழுசா ஒண்ணு குடுத்தியா?"

"ஒண்ணில்லைங்க," என்றவள் சட்டென்று நிறுத்தினாள். சிவப்புத் தலைப்பாகை கட்டிய போலீஸ்காரன் ஒருவன் பூக்கடை வரிசையைத் தாண்டி அவர்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தான். சாமியாத்தாளின் பார்வை அவனிடமிருந்து ஜகதீசனுக்கும், ஜகதீசனிடமிருந்து அவனுக்கும் போய் வந்தது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள் என்றே அவள் முடிவு செய்துவிட்டதுபோல் இருந்தது.

"நான் ஒண்ணும் குடுக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இங்க நிக்காதீங்க."

"டாக்டர் கேட்பாரே. எவ்வளவு, கூட என்ன சேர்த்தாள்னு. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"மாட்டுக்கு எதுக்குங்க டாக்டரு?"

போலீஸ்காரன் முறத்தைத் தட்டிப் பார்த்து, கன்னடத்தில் விலை கேட்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவளை இழுத்துக்கொண்டு போய்விடுவான். பிறகு இவள் வாயிலிருந்து எதுவும் வராது. வீட்டு விஷயமும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஜகதீசன் கொடியைத் துண்டில் சுருட்டினான். வேட்டி மண்ணில் படுவதைக் கவனிக்காமல், கூடையின் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"மாடு இல்லை," என்றான். "என் தங்கை. உங்க பேரை எந்த இடத்திலேயும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து, என்ன குடுத்தேள்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்கோ அம்மா."