மூன்று முறை வந்த சாப்பாட்டு மேசை

என் கணவர் எந்தப் புத்தகத்தையும் இரண்டாவது முறை படித்ததில்லை. அதில் அவருக்கு அலாதிப் பெருமை. வேலைக்குப் போகும் பேருந்தில் நாவலின் முதல் பாதி, திரும்பும் பேருந்தில் மறுபாதி, சாப்பிட உட்காருவதற்குள் மதிப்புரை தயார். எழுதியதையும் திரும்பிப் பார்க்கமாட்டார். பத்திரிகையில் அப்படியே வாங்கிப் போட்டார்கள், இவருக்குத் தலைகால் புரியவில்லை.

என் அண்ணனின் முதல் நாவலுக்கும் அதே பேருந்துதான். "சொந்த மச்சான்னு சலுகை காட்ட முடியாது" என்று வீறாப்பு வேறு. ஒரே சாப்பாட்டு மேசைக் காட்சி மூன்று முறை வருகிறது, ஆசிரியருக்குத் தான் எழுதியதே மறந்துவிட்டது போலும் என்று கிண்டலடித்திருந்தார். படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணன் சண்டைக்கு வரவில்லை. ஒரு டைல்ஸ் கடையில் மேலாளராகச் சேர்ந்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் குளியலறைத் தரை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பான். எழுத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டான்.

வருடங்கள் ஓடின. இப்போது ஒரு பதிப்பகம் இவருடைய மதிப்புரைகளைத் தொகுக்க முன்வந்தது. மேற்கோள்களுக்குப் பக்க எண் வேண்டும் என்றார்கள். இவர் மூக்கால் அழுதுகொண்டே என் அலமாரியிலிருந்து அண்ணனின் நாவலை எடுத்து உட்கார்ந்தார். பக்க எண் குறிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் துணிகளைக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், மனிதர் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார். மாலையில்தான் தலை நிமிர்ந்தார்.

"இங்க வா. முதல் தடவை மேசையில அஞ்சு தட்டு. அடுத்த தடவை மூணு. கடைசியில அந்தப் பையன் ஒத்தைத் தட்டோட உட்கார்ந்திருக்கான். அதே பேச்சு, அதே சிரிப்பு. எல்லார் பேச்சையும் அவனே பேசிக்கிறான். இதை எப்படி விட்டேன்?"

"இறங்கற ஸ்டாப் வந்திருக்கும்," என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச் சொன்னோம். இரண்டாவது நாவலை அவன் அந்த மதிப்புரை வந்தபோதே முக்கால்வாசி முடித்திருந்தது எனக்குத் தெரியும். இவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டால் மீண்டும் எழுத உட்காருவான் என்று எனக்கு நப்பாசை. இவரும் சுற்றி வளைக்கவில்லை.

"மச்சான், நான் எழுதினது தப்பு. உங்க நாவலை இப்பத்தான் ஒழுங்கா படிச்சேன். அந்த மதிப்புரையைத் தூக்கிட்டு வேற எழுதறேன். ரெண்டாவது நாவலையும் கொடுங்க, நானே பதிப்பகத்துல பேசறேன்."

"அது இல்லையே மாப்பிள்ளை," என்றான் அண்ணன். "நீங்க சொன்னீங்களேன்னு, அதுல திரும்பத் திரும்ப வர்ற இடத்தையெல்லாம் அடிச்சேன். அப்புறம் பார்த்தா கதையே மிஞ்சலை. பழைய பேப்பரோட போட்டுட்டேன்."

"ஐயோ! முதல் நாவலை ஒரு தடவை திருப்பிப் படிச்சிருந்தா, நான் உளறியிருக்கேன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே!"

"எடுத்தேன் மாப்பிள்ளை. ரெண்டு வரி தாண்டலை, நீங்க சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு. மூடி வெச்சுட்டேன்."

இவர் நாவலை அவன் பக்கம் நகர்த்தினார். "இப்பப் படிங்க மச்சான்."

அண்ணன் அட்டையைக்கூடத் தொடவில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டான், யாரோ எழுதிய புத்தகத்தைப் பற்றிக் கேட்பதுபோல.